ஓடாத எம்டன்

அத்தியாயம் பதினொன்று

கைதட்டியவர்கள் எல்லாரும் கை கழுவிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராயபுரம் கடற்கரையில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு கைதட்டிய கூட்டம் அது. செவ்வாய்க்கிழமை காலையில் மீன்காரி கெங்கம்மா கல்மண்டபம் சந்தையில் கூடையை இறக்கி வைத்து விசாரித்துப் பார்த்தால், அன்றைக்கு ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேர் மாமியார் வீட்டில். கூட்டத்துக்குப் போனவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் வக்கீல் குமாரவேல் தொண்டை கிழியப் பேசியது நண்டுகளிடம்தான் என்று ஆகிறது.

சீமையில் யாரோ ராஜாக்கள் சண்டை போட்டுக்கொள்ள, மூன்று வருஷமாக அந்த அடுப்புக்கு விறகு நம் ஊரிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மெசபடோமியாவில் மூட்டை தூக்கவும் படகு தள்ளவும் ஆள் வேண்டுமாம். ஆள்பிடிக்கும் மேஸ்திரி ஒருவன் கெங்கம்மாவின் புருஷன் லட்சுமணனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து, மயக்கத்தில் கட்டைவிரலைப் பிடித்து மை தடவி, பஸ்ராவுக்குப் போகிற கப்பலில் ஏற்றிவிட்டான். லட்சுமணன் தெளிந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி. வாயைத் திறந்தால் ஈ நுழைந்துவிடும் என்று யாரோ சின்ன வயசில் பயமுறுத்திவிட்டார்கள் என்பது கெங்கம்மாவின் கட்சி.

சட்டசபையில் சர்க்காரை எதிர்த்துக் கேள்வி கேட்பதற்கென்றே போன மனிதர் என்று பெயரெடுத்த குமாரவேல் வக்கீலை அவள் கையோடு இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். வக்கீல் கப்பல் அதிகாரியிடம் சட்டம் பேசினார். கெங்கம்மா மேஸ்திரியிடம் மீன்கூடையால் பேசினாள். நங்கூரம் எடுப்பதற்குள் லட்சுமணன் கரையில் இருந்தான்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இந்த யுத்தம் நம்முடையது அல்ல, ஓர் ஆளும் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் முதலில் சுத்தமான தமிழில் சொல்லிப் பார்த்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. மனிதர் புத்திசாலி. ராயபுரத்துப் பேச்சுக்கு இறங்கினார்.

"மூணு வருசம் முன்னாடி ஒரு எம்டன் வந்து குண்டு போட்டுட்டு ஓடிப்போச்சு. அது ஓடின எம்டன். ஓடாத எம்டன் ஒண்ணு இந்த ராயபுரத்துலயே கீது. அது கீற வரைக்கும் இங்கேர்ந்து ஒரு ஆளைக் கப்பல்ல ஏத்த முடியாது."

கூட்டம் முழுவதும் கெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராயபுரத்தில் எம்டன் என்றால் கெட்டிக்காரன், துணிந்த கட்டை, சத்தமில்லாமல் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிற ஆள் என்று அர்த்தம். ஜெர்மன்காரன் கப்பலைப் பார்த்து ஊர் நடுங்கியதும் உண்மை, நடுக்கம் நின்றதும் அந்தப் பேரை எடுத்துத் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கே வைத்துக்கொண்டதும் உண்மை.

கெங்கம்மாவுக்கு அந்தப் பட்டம் வந்ததும் அப்போதுதான். குண்டு விழுந்த மறுநாள் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓட, அவள் மட்டும் கல்மண்டபத்தில் குந்தி, ஓட மறந்த பெரிய வீடுகளுக்கு நெத்திலியை வஞ்சிரத்தின் விலைக்கு விற்றாள். "யக்கா, நீ எம்டன்க்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் அவளுடைய தம்பி கருணாகரன். அவள் மீன் விற்று மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்த தம்பி. பட்டம் சூட்டியவனே அவன்தான்.

அவன் இப்போது 'லோகதாரகை' பத்திரிகையில் நிருபர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதிய நிருபர் அவன் ஒருவன்தான். மற்றப் பத்திரிகைகள் எல்லாம் அவன் எழுதியதைப் பார்த்து எழுதின.

அதுதான் வினை.

*

பொடிக்கடை அலி அக்பரின் கடை வாசலில்தான் கல்மண்டபம் பேப்பர் கேட்கும். கேட்கும் என்றால் அவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். முக்கியமான இடங்களில் ஒரு சிட்டிகை பொடி ஏற்றித் தும்முவார். தும்மல் வந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். இன்றைக்கு அவர் மூக்கு சிவந்து போயிருந்தது.

"பாய், இன்னொரு தரம் படி."

"நேத்துலேர்ந்து படிச்சிகினு கீறேன் கெங்கம்மா. மறுபடி படிச்சா மட்டும் எயுத்து மாறிடப்போவுதா?"

ஆனாலும் படித்தார். 'ஓடாத எம்டன் ஒன்று ராயபுரத்திலேயே இருக்கிறதென்றும், அது உள்ளவரை சர்க்காருக்கு இங்கிருந்து ஓர் ஆளும் கிடைக்காதென்றும் ஸ்ரீமான் குமாரவேல் பகிரங்கமாய்க் கூறினார்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'எம்டன் - ஜெர்மானிய யுத்தக் கப்பல்.'

"மேல கீறது அத்தனையும் நெசம்," என்றார் அலி அக்பர். "கீய கீற ஒரே ஒரு வரிதான் பொய்."

"இங்கிலீஷ் பேப்பர் இன்னா சொல்லுது?"

"ஹார்பர் கிளார்க் ஒருத்தர் படிச்சு சொன்னாரு. ராயபுரத்துக்கு எதிர்க்க கடலுக்குள்ள ஜெர்மன் கப்பல் ஒண்ணு ஒளிஞ்சிகினு கீதாம். வக்கீல்தான் அதுக்கு வெளக்கு காட்டறாராம். காலைலேர்ந்து போலீஸ் லாஞ்சுப் படகு சுத்திகினு கீதே, நீ பாக்கல?"

"பாத்தேன். எவனோ தொப்பிய கடல்ல வுட்டுட்டு தேடறான்னு நெனச்சேன்."

"இன்னொரு இங்கிலீஷ் பேப்பர், கப்பல் இல்ல, அது ஒரு ரகசியச் சங்கம், அதுக்குப் பேருதான் எம்டன்னு போட்டுகீது. தாடி வச்ச தலைவர் ஒருத்தர் கீறாராம்."

கெங்கம்மா மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வக்கீலய்யாவோட கட்சிப் பேப்பர் ஒண்ணு கீதே. அதாவது ஒயுங்கா போட்டுச்சா?"

"அது இன்னும் பேஜாரு." அலி அக்பர் ஒரு சிட்டிகை ஏற்றிக்கொண்டு படித்தார். 'எம்டன் என்னும் சொல்லை எம் தன் எனப் பிரித்தல் வேண்டும். எமக்குரியது எனப் பொருள்படும். ஆகவே நம் வக்கீல் சுட்டியது சுயராஜ்யமேயன்றி வேறன்று.' தும்மினார்.

"அப்ப நான் கப்பலு, சங்கம், சுயராஜ்யம். மீன்காரின்னு மட்டும் ஒருத்தனுக்கும் எயுத வரல."

"மீன்காரின்னு எயுதினா எவன் வாங்குவான்?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சிரித்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டார்கள். ஊர் அப்படி இருந்தது அன்றைக்கு.

அலி அக்பர் குரலைத் தாழ்த்தினார். "ஏட்டு ஒருத்தர் வந்தாரு. எம்டன் யாருன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"தும்முனேன். அவரு போற வரைக்கும் தும்முனேன்."

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கருணாகரன் வந்திருந்தான். குழம்பில் கைவைத்தபடி, "யக்கா, நான் ஒயுங்காத்தான் எயுதிக் குடுத்தேன். பத்திராதிபர்தான் மாத்திட்டாரு. நாளைக்குத் திருத்தம் போடவைக்கிறேன், நீ கம்முனு இரு" என்றான். கெங்கம்மா கம்மென்று இருந்தாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனும் வைத்தாள்.

இன்றைய லோகதாரகையில் திருத்தம் இல்லை. அதற்குப் பதிலாக 'ராயபுரத்தில் ஒளிந்திருப்பது யார்?' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலையங்கம் இருந்தது.

வக்கீலின் குமாஸ்தா விடியற்காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலப் பதிப்பிலாவது லோகதாரகை திருத்தம் போட்டால் தப்பிக்கலாம். போட்ட பத்திரிகையே வாபஸ் வாங்கினால் மற்றவற்றுக்குக் கால் இல்லை. இல்லாவிட்டால் நாளைக்கு வக்கீலைக் கொண்டு போய்விடுவார்கள். யுத்தக் காலத்துச் சட்டம், கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் கிடையாது, எந்த ஊரில் எந்த அறையில் வைப்பார்கள் என்று பெண்டாட்டிக்குக் கூடச் சொல்லமாட்டார்கள்.

தன் புருஷனைக் கப்பலிலிருந்து இறக்கிய மனுஷனை, தன் பேரைச் சொல்லியே ஜெயில் வண்டியில் ஏற்றப்போகிறார்கள். கெங்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"பாய், கூடையத் தூக்கிவுடு."

"எங்க போறே?"

"பேப்பர் ஆபீசுக்கு. நல்ல வஞ்சிரமா ரெண்டு கீது. பத்திராதிபரும் துன்றவர்தானே."

மீன் நிறைந்த கூடையைத் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. எதிரே நின்று ஒருவர் தூக்கிவிட வேண்டும். அதனால் மீன்காரிகள் யாரோடும் நிரந்தரமாகச் சண்டை போடுவதில்லை.

*

தம்புச்செட்டித் தெருவில் அந்த ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே யந்திரம் ஓடுகிற அதிர்ச்சி படிக்கட்டு வழியாகக் கால்களில் ஏறியது. வாசல் சேவகன், "மீன் பின்பக்கம்" என்றான். "பின்பக்கத்துல தம்பி இல்லியே" என்று சொல்லிக்கொண்டே கெங்கம்மா ஏறிவிட்டாள்.

நாலைந்து மேஜைகள். ஒன்றில் கருணாகரன். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கோலத்தில் அவனைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். இப்படி ஒரு பிள்ளையையா நாம் வளர்த்தோம் என்று ஒரு கணம் பூரித்துப் போனாள். அந்தக் கணம்தான் அன்றைய தினத்தின் கடைசி நல்ல கணம்.

பெரிய மேஜையிலிருந்து பத்திராதிபர் நிமிர்ந்து பார்த்தார். வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி.

"யார் இது?"

கருணாகரன் எழுந்து நின்றான். அவளைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். கூடையிலிருந்து தரையில் சொட்டிய நீரைப் பார்த்தான்.

"மீன் விற்கிற பொம்பளை, சார். வீடு தெரியாமல் ஏறி வந்திருப்பாள்."

கெங்கம்மா திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு எவளாவது மீன்காரி வந்து நிற்கிறாளா என்று. யாரும் இல்லை.

பேச்சில் அவளை மடக்கியவன் ராயபுரத்தில் கிடையாது, இங்கே மடங்கிவிட்டாள். அடுத்த நிமிஷம் வாய் தானாகப் பேசியது.

"ஆமா சாமி. மீன்காரிதான். வஞ்சிரம் கொண்டாந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. தாயில்லாத அந்தப் பிள்ளை நடை பழகுகையில் விழும்போதெல்லாம், ஓடிப்போய்த் தரையை அடித்தவள் அவள். இப்போதும் விழுந்தது அவன், அடிக்கத் தரைதான் அகப்படவில்லை.

கூடையை இறக்கி வைத்தாள். வந்த காரியம் வக்கீலுடையது, அதை விட்டுவிட முடியாது.

"சாமி, ஒரு வார்த்த. எங்க பக்கத்துல எம்டன்னா கப்பல் இல்ல. கெட்டிக்காரி, துணிஞ்சவன்னு அர்த்தம். வக்கீலய்யா சொன்னது ஒரு பொம்பளைய. கூட்டமே அவளப் பாத்து சிரிச்சுது. உங்க பேப்பர்ல கப்பல்னு போட்டுட்டாங்கோ. சாயங்காலப் பேப்பர்ல மாத்திப் போட்டுட்டா, ஒரு நல்ல மனுசன் பொயச்சுப்பாரு."

பத்திராதிபர் கருணாகரனைப் பார்த்தார். "ஏன் ஐயா, கூட்டத்தில் இருந்தவர் நீர். இப்படி ஒரு வழக்கு உண்டா?"

கருணாகரன் பேனா முள்ளைத் துடைத்தான்.

"நான் கேள்விப்பட்டதில்லை, சார். அந்தப் பக்கத்துப் பாஷை எனக்கு அவ்வளவு பரிச்சயம் இல்லை."

அந்தப் பக்கத்துப் பாஷையில்தான் அவன் முதன்முதலில் பசிக்கிறது என்று சொன்னான். பாஷை புரிந்துதான் அவள் சோறு போட்டாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள் கெங்கம்மா. குரலில் ஒன்றும் இல்லை. வாடிக்கைக்காரரிடம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"செங்கல்பட்டுப் பக்கம்."

"நல்ல ஊரு. கடல் கெடையாது, வாடை அடிக்காது. அப்பா அம்மால்லாம்?"

"இல்லை."

"அக்கா தங்கச்சி?"

அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். யந்திரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லை."

"பாவம்," என்றாள் கெங்கம்மா. "அப்ப குயம்பு யாரு ஊத்தறாங்கோ?"

அந்த அறையில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்திராதிபர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போதும் அம்மா. உட்காருங்கள். இவரையும் உட்காரச் சொல்லுங்கள். எம்டனுக்கு அர்த்தம் எனக்கே தெரியும். என் ஜட்காக்காரன் தன் குதிரைக்கே எம்டன் என்றுதான் பேர் வைத்திருக்கிறான்."

கெங்கம்மா உட்காரவில்லை. "தெரிஞ்சேவா போட்டீங்கோ?"

"தெரிந்தே இவரைக் கேட்டேன், இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று. இல்லை என்றார். அடியில் பொருள் போட்டுவிடலாமா என்றேன், போடலாம் என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? யுத்தத்தை எதிர்த்து ஒருவர் பேசியிருக்கிறார், அது வெறும் கேலிப்பேச்சு என்று எழுதினால் நாளைக்கே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஏற்கெனவே சர்க்காருக்கு ஜாமீன் கட்டி நடத்துகிற பத்திரிகை இது. ராயபுரத்துக்காரரே பொருள் சொல்லிவிட்டார் என்றால் பழி என்மேல் இல்லை பாருங்கள்."

ராயபுரத்துக்காரர் என்ற சொல்லில் கருணாகரன் தலை நிமிர்ந்தது.

"சேர்ந்த அன்றைக்கே தெரியும் ஐயா. கோபம் வந்தால் செங்கல்பட்டுக்காரர் 'இன்னா' என்று கேட்கமாட்டார். கீழே அச்சுக்கோக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். உம்மைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

எவ்வளவு பாடுபட்டு அவன் மறைத்த ஊர் அது. ஆபீசே அதைத் தெரிந்துகொண்டு, நல்ல சமயம் பார்த்து எடுத்துச் செலவழித்திருக்கிறது. கெங்கம்மாவுக்கு ஒரு பக்கம் அவனைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இன்னொரு பக்கம், நேற்று ராத்திரி தட்டில் வைத்த அந்த இரண்டாவது துண்டு மீன் நினைவுக்கு வந்தது.

"பத்திராதிபர் மாத்திட்டாருன்னு சொன்னியே," என்றாள் மெதுவாக. "துன்னுகினே சொன்னியே."

"யக்கா, நான் சொல்றதக் கேளு..."

"யக்காவா? எந்த ஊரு யக்கா?"

அவன் மறுபடி பேனாவை எடுத்துத் துடைத்தான்.

"கப்பல்னு எயுதினதுகூடப் பரவால்ல கருணா. கப்பல்னா ஒரு மரியாததான். யாரும் இல்லன்னியே."

பத்திராதிபர் தொண்டையைச் செருமினார். அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்தை அச்சில் போடுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

"திருத்தம் போடுகிறேன் அம்மா. ஒரு நிபந்தனை. இவர் கையெழுத்தில் வேண்டும். 'நான் ராயபுரத்தில் பிறந்தவன், அந்தச் சொல் எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன்' என்று எழுதிக் கொடுக்கட்டும். சாயங்காலப் பதிப்பு அச்சேறுவதற்குள் கொடுக்கட்டும்."

"குடுத்தா?"

"போடுவேன். அப்புறம் இவருக்கு இங்கே வேலை கிடையாது. பொய் எழுதுகிறவரை எப்படி வைத்துக்கொள்வது?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை என்பதுதான் கெங்கம்மாவுக்கு ஆச்சரியம். இவரல்லவா எம்டன்.

கருணாகரன் அவளைப் பார்த்தான். 'எழுது' என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ, 'எழுதாதே, போய்த் தொலையட்டும்' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ. சின்ன வயசிலிருந்து அவனுக்காக முடிவு செய்தே பழகியவள் அவள். இன்றைக்கு முடிவை அவனிடமே விட்டாள். குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள்.

"யாராவது தூக்கிவுடுங்கோ."

கருணாகரன் கை மேஜையை விட்டு எழுந்தது. நடுவழியில் அவன் கண் கோட்டுக் கைக்குள்ளிருந்து தெரிந்த வெள்ளைச் சட்டை மடிப்பில் விழுந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

மை அப்பிய விரல்களோடு அச்சுக்கோப்பவர் ஒருவர் எதையோ கேட்க மாடி ஏறி வந்தார். நிலைமை என்னவென்று தெரியாமலே வந்து தூக்கிவிட்டார்.

*

வஞ்சிரத்தை எங்கே விற்றாள், என்ன விலைக்கு விற்றாள் என்று அவளுக்கு நினைவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அம்மாள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் பயந்துபோய் மீனை முகர்ந்து பார்த்தாள்.

திரும்பும் வழியில், தெருமுனையில் சாயங்காலப் பேப்பர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். கெங்கம்மா நிற்கவில்லை. திருத்தம் இருந்தால் அலி அக்பர் தும்முவார். இல்லாவிட்டாலும் தும்முவார். எப்படியும் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்ச தூரம் தெரியாமல் நடந்துவிடலாமே என்று இருந்தது.

தன் தெருவுக்குள் திரும்பியதும் கால் தயங்கியது. வீட்டு வாசலில் கூட்டம். காய்ச்சல்காரர்கள், மாமியார் வீட்டுக்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள். அலி அக்பர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருந்தார்.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கெங்கம்மா, போலீஸ் வந்துச்சு. தெரு பூரா நிக்கவச்சு, எம்டன் யாருன்னு கேட்டாங்க. நாங்க யாரும் வாயே தொறக்கல, அல்லா மேல ஆணையா."

"சரி. அப்பால?"

"ஒருத்தரும் சொல்லலேன்னா வூட்டுக்கு ஒரு ஆளப் புடிச்சிகினு போவோம்னாங்க. ஒன் வூட்டுக்காரரு வல பின்னிகினு இருந்தாரா... எந்திரிச்சு வந்தாரு. 'நான்தான்'னாரு."

"யாரு? இவரா?"

"பதினஞ்சு வருசமா பக்கத்து வூடு, அவரு கொரல நான் இன்னிக்குத்தான் கேட்டேன். நல்ல கொரலு கெங்கம்மா. 'நான்தான் எம்டன், அவ இல்ல'ன்னாரு. ரெண்டு கையயும் நீட்டிட்டாரு. கூட்டிகினு பூட்டாங்க."

அவ இல்ல. பேசியதே அரை வரி, அதில் பாதியை வேண்டாத இடத்தில் வைத்திருக்கிறான். அவள் இல்லை என்று சொல்லப்போய் அவள்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டான் பைத்தியக்காரன். கெங்கம்மாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் வேறு ஏதோ ஆகிவிட்டது.

கூட்டம் விலகியது. வாசலில் ஏட்டு ஒருவர் அவளுடைய முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில், வீட்டிலிருந்து கைப்பற்றிய ஆயுதங்கள்: அருவாமனை, துடுப்பு, ஓர் எனாமல் கிண்ணம்.

"கிண்ணம் இன்னாத்துக்கு?" என்றாள் கெங்கம்மா.

ஏட்டு அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இங்கிலீஷ் எழுத்து. "ஜெர்மனின்னு போட்டுகீது. கூட வந்த இன்ஸ்பெக்டர் படிச்சு சொன்னாரு. அவ இல்லன்னு ஒன் வூட்டுக்காரன் சொன்னானே, அந்த அவ யாரு?"

அப்போது கூட்டத்தின் பின்னால் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கருணாகரன். தம்புச்செட்டித் தெருவிலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும். கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. தலைப்பாகையைக் காணோம். எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தானா, எழுத மாட்டாமல் ஓடி வந்தானா, அவன் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கெங்கம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

கோட்டைக் கண்டதும் ஏட்டு முக்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தத் தெருவுல ஒருத்தனும் ஒயுங்கா பதில் சொல்ல மாட்றான். படிச்சவங்க ஒருத்தர் சொன்னாத்தான் மேல எடுபடும்." மரியாதையாக ஒரு அடி முன்னால் வந்தார். "நீங்க யாரு சார்? இந்த வூட்டுக்கு இன்னா வோணும்?"

அலி அக்பர் விரலிடுக்கில் எடுத்த பொடி அங்கேயே நின்றது.

கருணாகரன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து செங்கல்பட்டு வரப்போகிறதா, ராயபுரம் வரப்போகிறதா என்று தெருவே அவன் வாயைப் பார்த்தது.

கெங்கம்மா மட்டும் பார்க்கவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, தலையில் வெறுங்கூடையோடு, லட்சுமணனுடைய துடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.